ஒரே மாதிரி ஜாடிகள்

எனக்கு எதுவும் கோணலாக இருக்கக் கூடாது. அது பிறவிக் குணமா, இத்தனை வருடம் சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்கியதால் வந்த வியாதியா என்று தெரியாது. டப்பாவின் பெயர் முன்பக்கம் பார்க்க வேண்டும், உயரமானது பின்னால், குட்டையானது முன்னால். அடுத்தவர் வீட்டுக்குப் போனால்கூட என் கை சும்மா இருக்காது. கடையில் அடுக்கும் பிரிவுக்கு நான்தான் சூப்பர்வைசர். எனக்குக் கீழே இருப்பவர்களுக்கு மேனேஜரைவிட என் வாய்க்குத்தான் பயம்.

வருடத்துக்கு ஒரு நாள் எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு பிரிவும் குழுவாகப் போய் ஏதாவது தொண்டு செய்ய வேண்டும். போன வருடம் மரக்கன்று நட்டோம். நட்டதைவிடப் படம் எடுத்ததுதான் அதிகம். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அத்தனையும் காய்ந்துபோயின. இந்த வருடம் எங்கே போகலாம் என்று மேனேஜர் கேட்டபோது நான் முந்திக்கொண்டேன்.

"எங்க அக்கா இருக்கிற விடுதிக்குப் போலாம் சார். சமையலறைச் சுவரெல்லாம் கரி பிடிச்சுக் கிடக்கு. நாம பெயிண்ட் அடிச்சுக் குடுக்கலாம்."

அது பார்வை இழந்தவர்கள் தனியாக வாழக் கற்றுக்கொள்ளும் இடம். அக்காவுக்கு மூன்று வருடம் முன்பு ஒரு நோயில் கண் போயிற்று. அதே வருடம் அவள் புருஷனும் கம்பி நீட்டிவிட்டார். வெகுநாள் வரைக்கும் அக்கா கட்டிலை விட்டு எழவில்லை. பிறகு ஒரு நாள் யாரும் சொல்லாமலேயே, "என்னைக் கொண்டுபோய் அங்க சேர்த்து விடுடி" என்றாள். அவள் மகள் என்னிடம் வளர்ந்தாள். எட்டு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சண்டை போட வேறு ஆளும் இல்லை. நானும் வாலுவும் போட்டுக்கொள்வோம்.

விடுதியில் பயிற்சி முடிந்ததும் ஒரு பரீட்சை உண்டு. யார் உதவியும் இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாடு சமைத்துக் காட்ட வேண்டும். தேறியவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன வீட்டின் சாவியைக் கொடுப்பார்கள். அக்காவுக்குத் திங்கட்கிழமை பரீட்சை. தேறினால் வாலு அம்மாவிடம் போவாள். எங்கள் குழு விடுதிக்குப் போனது அதற்கு முந்தின சனிக்கிழமை.

பெயிண்ட் வாடை ஆகாது என்று விடுதிப் பொறுப்பாளர் அம்மா எல்லாரையும் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேனில் ஏறும் முன் என்னிடம் சொன்னார்: "சுவருக்கு மட்டும் அடிங்கம்மா. சாமான் எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

நான் தலையாட்டினேன். கடையிலும் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். மாற்றி அடுக்கிக் காட்டியதும் வாயைப் பிளப்பார்கள்.

அக்காவைப் பார்க்க வரும்போதெல்லாம் முன்னறையிலேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போவேன். சமையலறையை எட்டிப் பார்த்ததோடு சரி. அன்றைக்குத்தான் உள்ளே நின்று பார்த்தேன். எனக்குத் தலை சுற்றியது. நசுங்கிய பால் பவுடர் டப்பா, ஜாம் பாட்டில், மூடி மாறிய பிஸ்கட் டின், கழுத்தில் துணி சுற்றிய ஒன்று, பொத்தான் கோத்த நூல் கட்டிய ஒன்று. பழைய இரும்புக் கடைக்காரர்கூட எடைக்கு எடுக்க யோசிப்பார். நட்ட நடுவில் ஒரு மேஜை வேறு வழியை மறித்துக்கொண்டு நின்றது.

மேனேஜர் காரிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கினார். கம்பெனியின் அன்பளிப்பாக, கண்ணாடி போலப் பளபளக்கும் பிளாஸ்டிக் ஜாடிகள். எல்லாம் ஒரே அளவு, எல்லாவற்றுக்கும் நீல மூடி.

"சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்றார்.

அப்புறம் எங்களைப் பிடிக்க முடியுமா? சுவரில் பெயிண்ட் காய்வதற்குள் டப்பாக்களைக் காலி செய்தோம், ஜாடிகளில் நிரப்பினோம். நானே கடைக்கு ஓடிப்போய், அழகான எழுத்தில் உப்பு, சர்க்கரை, மாவு என்று லேபிள் அச்சடித்துக் கொண்டுவந்து ஒட்டினேன். மேஜையைச் சுவரோரம் தள்ளினோம். பழைய டப்பாக்கள் மூட்டையாகக் குப்பை வண்டியில் போய்விட்டன. எங்கள் பிரிவில் ரேடியோ என்று ஒருவன் உண்டு. விடிந்ததிலிருந்து வாய் ஓயாது. அவனே ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டு, "அக்கா, நம்ம கடையைவிட நல்லா இருக்கு" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் வேன் வந்தது. மேனேஜர் படம் எடுக்கத் தயாராக நின்றார். எங்க அக்காதான் முதலில் வர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தேன். அக்கா சிரித்த முகத்தோடு, கையில் கோல்கூட இல்லாமல், தன் வீட்டுக்குள் நுழைவது போல உள்ளே வந்தாள். நான்கு எட்டு வைத்து, தோளில் இருந்த பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

மேஜை அங்கே இல்லை. பை தொப்பென்று கீழே விழுந்து, தண்ணீர் பாட்டில் உருண்டு ஓடியது.

யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். அக்கா கையை நீட்டிக்கொண்டு மெதுவாகச் சுவர் வரைக்கும் போனாள். அலமாரியில் ஒரு ஜாடியைத் தடவினாள். அடுத்ததைத் தடவினாள். அதற்கடுத்ததையும். கை வேகமாகப் போகப் போக அவள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் அக்கா எங்கள் பக்கம் திரும்பி, "ரொம்ப நல்லா இருக்குங்க. ரொம்ப நன்றி" என்றாள்.

ரேடியோ என் காதருகே, "அக்கா, நாம லேபிள் ஒட்டியிருக்கோமே..." என்று ஆரம்பித்தவன் மேலே சொல்லவில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த நசுங்கல், அந்தத் துணி, அந்தப் பொத்தான் எல்லாம்தான் அவர்களுக்கு லேபிள்.

குழு கிளம்பிப் போனதும் அக்காவைத் தேடினேன். பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"தெரியாம செஞ்சிட்டேன்க்கா."

"என்ன தெரியாம? எனக்குக் கண்ணு தெரியாதுங்கறதா உனக்குத் தெரியாது?"

"திறந்து பார்த்தா எது எதுன்னு தெரிஞ்சிடுமே."

"ஒவ்வொண்ணாத் திறந்து நக்கிப் பார்த்தா அதுக்குப் பேரு சமையலாடி? கையை வெச்சதும் தெரியறதுக்கு எத்தனை மாசம் பாடுபட்டேன். எங்களை எல்லாம் வெளிய அனுப்பிட்டு செஞ்சியே, ஒரு வார்த்தை கேட்டியா?"

"பொறுப்பாளர் அம்மா பரீட்சையைத் தள்ளி வெச்சுக்கலாம்னு சொல்றாங்க."

"தள்ளி வெச்சா பள்ளிக்கூடம் திறந்துடும். இன்னும் ஒரு வருஷம் அவ உன் வீட்டுல இருந்தே படிப்பா. அதானே உனக்கு வேணும்?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "என்னக்கா பேசறே?"

"உனக்கு அவளைத் திருப்பிக் குடுக்க மனசில்ல. அதான் விஷயம்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "நாக்கு கூசாம பேசறியே! உன் பிள்ளைக்கு ராவும் பகலும் செஞ்சதுக்கு நல்ல கூலி" என்று கத்திவிட்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுகையாக வந்தது. அநியாயப் பழி என்று நினைத்துத்தான் அழுதேன்.

வீட்டில் வாலு தன் துணிப்பையை மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக இதே வேலை. காலையில் பிரிப்பாள், மாலையில் கட்டுவாள். பை வழியை அடைக்கிறது என்று நான் தினமும் அவளைத் திட்டுவேன்.

"சித்தி, அம்மா பாஸாயிடுவாங்கல்ல?"

"ஆயிடுவாங்க. நீ முதல்ல பையை ஓரமா வை."

மறுநாள் காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. ரேடியோ நின்றான். அவனுக்குப் பின்னால் எங்கள் பிரிவு ஆட்கள் முழுவதும். கம்பெனி பனியன் யாரும் போடவில்லை. மேனேஜரும் வந்திருந்தார். கையில் கேமரா இல்லை. "ராத்திரி எல்லாம் தூக்கமே வரலம்மா" என்றார். அந்த மனிதரை எத்தனையோ நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவர்மேல் பாசம் வந்தது.

விடுதியில் அக்கா என்னிடம் முகம் கொடுக்கவில்லை. ஆனால் வேலையை அவள்தான் நடத்தினாள். "எல்லாரும் கையைக் கட்டிட்டு நில்லுங்க. நாங்க கேட்டா மட்டும் எடுத்துக் குடுங்க. நீங்களா எதையும் தொடக் கூடாது."

முதல் வேலையாக மேஜை நடுவுக்குத் திரும்பியது. அடுத்து ஜாடிகளுக்கு அடையாளம் வைக்க வேண்டும். விடுதிக்காரர்களுக்குள்ளேயே சண்டை. சர்க்கரை கீழ்த்தட்டில்தான் என்றார் ஒரு பெரியவர். டீக்கு முதலில் வேண்டியதே சர்க்கரை, கைக்கு எட்டும்படி அடுப்புப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று இன்னொரு பெண் மல்லுக்கு நின்றாள். மேனேஜர் நூலையும் துணிக்கிழிசலையும் பிடித்துக்கொண்டு, யார் பக்கம் சாய்வது என்று தெரியாமல் விழித்தார். ஒருவழியாக உப்புக்கு ஒரு ரப்பர் பேண்ட், சர்க்கரைக்கு இரண்டு என்று முடிவானது. உப்பு அடுப்புக்கு ஒட்டி, சர்க்கரை அதற்குப் பக்கத்தில். அந்த ரப்பர் பேண்டுகளை மாட்டியது நான். அக்கா சாப்பிடக்கூடப் போகாமல் அலமாரி முன் நின்று, திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பழையதை மறந்து புதியதைப் பழக அவளுக்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது. தள்ளி வைக்க மாட்டேன் என்று பொறுப்பாளர் அம்மாவிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். வீட்டு ஆள் ஒருவர் சமையலறை வாசலில் நின்று பார்க்கலாம். வாயைத் திறக்கக் கூடாது. ஒரு சொல் உதவி கிடைத்தாலும் பரீட்சை ரத்து. நான் வந்திருப்பது அக்காவுக்குத் தெரியும். தலையை மட்டும் ஆட்டினாள்.

சூப்பும் ஆம்லெட்டும் செய்ய வேண்டும். காய் நறுக்கினாள். விரல் நுனியை மடக்கி, கத்தியை அந்த மடிப்பின்மேல் சாய்த்து நறுக்கிய வேகத்தில் எனக்கு மூச்சே நின்றது. அடுப்பைப் பற்றவைத்தாள். சூப்பு கொதிக்கும் சத்தத்தைக் கேட்டு நெருப்பைக் குறைத்தாள். பிறகு உப்புக்காகக் கையை நீட்டினாள்.

அப்போதுதான் நான் அலமாரியைச் சரியாகப் பார்த்தேன். காலையில் யாரோ டீ போட்டுவிட்டு ஜாடிகளை இடம் மாற்றி வைத்திருந்தார்கள். அடுப்புக்கு ஒட்டி இருந்தது சர்க்கரை. அதில் நான் மாட்டிய ரப்பர் பேண்டுகளில் ஒன்று கழன்று அலமாரித் தட்டின்மேல் கிடந்தது. அக்காவின் விரல் ஜாடியைத் தடவியது. ஒரே ஒரு ரப்பர் பேண்ட். எடுத்துவிட்டாள்.

சொன்னால் ரத்து. சொல்லாவிட்டால் சூப்பு பாழ். நான் கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கா மூடியைத் திறந்து ஸ்பூனால் அள்ளி, பாத்திரத்துக்கு மேலே கொண்டுபோனாள்.

போடட்டும் என்று எனக்குள் ஒன்று சொன்னது.

சத்தியமாகச் சொன்னது. போடட்டும். இன்னும் ஒரு வருடம் வாலு என்னோடு இருக்கட்டும். காலையில் தலை வாரிவிடும்போது கத்தட்டும். வழியில் பை கிடக்கட்டும். கண் மூடித் திறக்கும் நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

அக்கா ஸ்பூனை வாயருகே கொண்டுவந்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். சமைக்கிற யாரும் செய்வதுதான். முகத்தைச் சுளித்தாள். ஜாடியை மூடித் தள்ளி வைத்துவிட்டு, பக்கத்து ஜாடியைத் திறந்து ருசி பார்த்து, அளவாகப் போட்டாள். பிறகு தட்டைத் தடவி, கழன்று கிடந்த ரப்பர் பேண்டைக் கண்டுபிடித்து எடுத்தாள்.

"யாரு இதை மாட்டினது, இப்படித் தொளதொளன்னு?" என்றாள் சத்தமாக.

பொறுப்பாளர் அம்மா சிரித்துவிட்டார். சாப்பிட்டுப் பார்த்து, அங்கேயே சாவியை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். அவர் போனதும் அக்கா ஒரு கிண்ணத்தில் சூப்பு ஊற்றி மேஜைமேல் வைத்தாள்.

"இன்னும் வாசல்ல நின்னுட்டு என்ன பண்றே? வந்து குடி."

உட்கார்ந்தேன். சூப்பை ஸ்பூனால் கிளறிக்கொண்டே இருந்தேன்.

"அன்னிக்குக் கோவத்துல ஏதோ சொல்லிட்டேன்" என்றாள் அக்கா. "மனசுல வெச்சுக்காதே."

"நீ சொன்னது நிஜம்தான்க்கா." எனக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. நீ சர்க்கரையை எடுத்தப்போ, போடட்டும்னு நினைச்சேன். எனக்கு அவளை விட மனசு வரல."

இனி என் முகத்திலேயே விழிக்க மாட்டாள் என்று நினைத்தேன். அக்கா மேஜை ஓரமாகக் கையை நகர்த்தி வந்து என் கையைப் பிடித்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டி. அவளை உன்கிட்ட விட்டுட்டு வந்த அன்னிக்கே. யாருக்குத் திருப்பிக் குடுக்க மனசு வராதோ அவகிட்டதான் விடணும்னு நினைச்சேன். வேற யார்கிட்ட விட்டிருந்தாலும் எனக்கு இங்க ஒரு நாள் தூக்கம் வந்திருக்குமா?"

நான் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டேன். வீட்டில் வாலு பையைக் கட்டி முடித்திருப்பாள்.

"சாயங்காலம் கூட்டிட்டு வரேன்க்கா" என்றேன்.

"வா. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூணு பேருக்கும் சேர்த்தே செய்யறேன்" என்றாள் அக்கா.