இடம் உறுதியில்லாதவை

1

இந்தக் கதை ஒரு சொல்லைத் தேடப் போய்க் கிடைத்தது. டெல்பின் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "சார், சொறியோட மேல்பாகத்துக்குத் தமிழ்ல என்ன போடலாம்? இங்கிலீஷ்ல பெல்லு, அதாவது மணின்னு சொல்லுதாங்க. எனக்கென்னமோ குடைன்னுதான் தோணுது."

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நான் தமிழ் நடத்துகிறேன். அவள் அதே கல்லூரியில் விலங்கியல். சொந்த ஊர் உவரி. அங்கே ஜெல்லிமீனைச் சொறி என்பார்கள், பட்ட இடத்தைச் சொறிய வைப்பதால். மீன்பிடிக்கிற அவள் அப்பா சிலுவை, தன் வலையிலிருந்து திட்டிக்கொண்டே வழித்து எறிந்ததை மகள் சாடியில் போட்டு வகை பிரிக்கிறாள்.

"குடையே இருக்கட்டும்" என்றேன். "மணின்னா சத்தம் கேக்கணும்லா?"

"இது ஒரு சத்தமும் போடாது சார். இது கடல்ல உள்ளதும் இல்ல. விக்கிரமசிங்கபுரத்துல ஒரு பழைய குவாரித் தண்ணியில மிதக்குது."

கதை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. நான்தான் அதைச் சரியாக ஆரம்பிக்கவில்லை.

2

முதல் வரைவின் முதல் வரி: "பொதிகையின் நிழல் விழுந்த நீரில் ஒளியின் துளிகளாய் அவை" (இதற்குமேல் போக முடியவில்லை. துளி நீந்தாது.)

இரண்டாம் வரைவு: "ஆவுடைத்தாய் வேறெங்கும் போகாமல் அந்தக் குவாரியிலேயே துணி துவைத்தாள், ஏனென்றால்" (அந்த "ஏனென்றால்" இவ்வளவு சீக்கிரம் வரக்கூடாது.)

ஆகவே பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். டெல்பினோடு நானும் ஒருமுறை போனேன். கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பள்ளம். பல வருஷத்து மழை அதில் தேங்கி நிற்கிறது. மூன்று பக்கமும் செங்குத்தான பாறை, ஒரு பக்கம் மட்டும் சரிவு. வெயில் நீருக்குள் இறங்கி ஓர் ஆள் ஆழம்வரை பச்சையாகத் தெரிந்து, அப்புறம் ஒன்றும் தெரியாமல் போனது. முதலில் எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

"தண்ணியப் பாக்காதிய சார். தண்ணிக்குள்ள தண்ணி அசையுதான்னு பாருங்க" என்றாள் டெல்பின்.

அசைந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு குடை சுருங்கி விரிந்து மேலே ஏறியது. ஏறி முடித்ததும் எல்லாவற்றையும் மறந்ததுபோல அப்படியே விரிந்து பையப் பைய இறங்கியது. உள்ளே வெள்ளையாக ஒரு சிலுவைக் கோடு, விளிம்பைச் சுற்றி முடிபோன்ற இழைகள். ஒன்றைக் கண்டதும் ஆயிரம் தெரிந்தன. எவ்வளவு நேரம் நின்றேனென்று தெரியாது. என் மூச்சும் அவற்றோடு சேர்ந்து ஏறி இறங்க ஆரம்பித்திருந்தது.

(டெல்பின் குறுக்கிட்டுச் சொன்னது: "இதுல அத்தனையும் பொம்பளதான் சார். ஒரு குளத்துல பெரும்பாலும் ஒரே பால்தான் இருக்கும்." இதை வைத்து நான் ஏதாவது உவமை எழுதினால் கதையைப் படிக்கவே மாட்டேன் என்றும் சொன்னாள். எழுதவில்லை.)

3

குவாரிக்கு மிக அருகில் இருப்பது ஆவுடைத்தாயின் வீடு. அவள் நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். டெல்பின் தன் சாடிகளை அந்த வீட்டில்தான் வைத்திருந்தாள். ஷிப்டு முடிந்து வந்ததும் ஆவுடைத்தாய் சாடிமுன் உட்கார்ந்துவிடுவாள்.

இனி அந்த "ஏனென்றால்". அவள் கணவர் இசக்கியப்பனும் அதே மில்லில்தான் இருந்தார். சில வருஷங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் குளிக்கப் போகிறேன் என்று சைக்கிளில் போனார். சைக்கிள் கரையில் நின்றது. துண்டு மடித்தபடி பாறைமேல் இருந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து தேடினார்கள். ஆழம் அதிகம், உள்ளே பாறை இடுக்குகள், ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு மாசம் கழித்து, அவரைக் கேரளாவுக்குப் போகும் புனலூர் பஸ்ஸில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதன்பின் அப்படிச் சொன்னவரும் அதை உறுதியாகச் சொல்லவில்லை.

ஆவுடைத்தாய் தாலியைக் கழற்றவில்லை. காரியமும் செய்யவில்லை. கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு வரிசையாக வரும். அவளிடம் வரும்போது ஒரு கணம் தயங்கும். பிறகு நீளும், அல்லது நீளாமல் அடுத்தவரிடம் போகும். இரண்டுக்கும் அவள் சிரித்துவைப்பாள்.

(இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். டெல்பின் படித்துவிட்டு, "அவ அழல சார். நான் அங்கன இருந்தேன்லா" என்றாள். எடுத்துவிட்டேன்.)

4

ஒருநாள் சாடியைப் பார்த்துக்கொண்டே ஆவுடைத்தாய் கேட்டாள்: "இதுக்குப் பேரு வச்சாச்சா டீச்சர்?"

"இல்லக்கா. ஏற்கெனவே பேரு உள்ளதா, புதுசான்னே தெரியல. முன்னால ரெண்டு தடவ புதுசு புதுசுன்னு எழுதி அனுப்பி, ரெண்டும் பழசுன்னு திரும்பி வந்துட்டு. இந்தத் தடவ அவசரப்படமாட்டேன்."

"அதுவரைக்கும் இது எங்கன இருக்கும்?"

டெல்பினுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் சொன்னாள்: "எதோட சேக்கன்னு தெரியாததுக்குன்னே எங்க புஸ்தகத்துல ஒரு இடம் உண்டுக்கா. இடம் உறுதியில்லாதவைன்னு அதுக்குப் பேரு."

"அதுல நெறைய இருக்குமோ?"

"இருக்கும். சிலது நூறு வருஷமா அதுலயே கெடக்கு."

"ஏன் இன்னும் முடிவு பண்ணலன்னு யாரும் அதுகளக் கேக்கமாட்டாவளா?"

"கேக்கமாட்டாவக்கா. அதுவும் ஒரு இடந்தான். மரியாதையான இடம்."

ஆவுடைத்தாய் சாடியை நோக்கிக் குனிந்தாள். சாடிக்குள் ஒரு சொறி ஏறி, விரிந்து, இறங்கியது. "நல்ல புஸ்தகம்" என்றாள்.

5

முடிவு பண்ண டெல்பினுக்கு ஒன்று தேவைப்பட்டது. இந்தச் சொறி பிறக்கும்போது குடையாகப் பிறப்பதில்லை. அடித்தளத்துக் கல்லில் கடுகைவிடச் சின்னதாக ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்கும். வெயில் சரியாக அமையும்போது அதிலிருந்து குடைகள் கழன்று மேலே வரும். அந்த ஒட்டுயிரைப் பார்க்காமல் பெயர் சொல்ல முடியாது. அதற்குக் கீழே இருக்கிற கல் வேண்டும். கல் எடுக்க ஆள் இறங்க வேண்டும்.

ஆள் இருந்தான். அவள் தம்பி டைட்டஸ் தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போகிறவன். போனில் உடனே சரி என்றான். போனை வைத்த பிறகுதான் டெல்பினுக்கு உறைத்தது, அவன் எங்கே இறங்கப் போகிறான் என்று. அன்று கல்லூரியில் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வேண்டாம்னு விட்டுரவா சார்?"

"அந்தம்மாவக் கேளு" என்றேன்.

கேட்டிருக்கிறாள். ஆவுடைத்தாய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து சொன்னாளாம்: "எறங்கட்டும். ஆனா மேல வந்து அந்தத் தம்பி தானா எதுவும் சொல்லக்கூடாது. எனக்குக் கேக்கணும்னா நான் கேட்டுக்கிடுதேன்."

6

காலை வெயிலில் டைட்டஸ் இறங்கினான். கண்ணாடி முகமூடி, இடுப்பில் வலைப்பை, கரையில் ஒரு பாறையில் கட்டிய கயிறு. டெல்பின் கயிற்றைப் பிடித்திருந்தாள். ஆவுடைத்தாய் அன்று வேலைக்குப் போகவில்லை. முழங்கால் நீரில் நின்றாள். அவளைச் சுற்றிச் சொறிகள் ஏறி இறங்கின. அவள் நகரவில்லை, அவையும் விலகவில்லை.

அவன் பலமுறை போய்வந்தான். கடைசித் தடவை வரத் தாமதமானது. டெல்பின் கயிற்றை இழுக்கப் போனபோது தலை தெரிந்தது. பாறையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். கல் நிறைந்த பையை அக்காவிடம் நீட்டினான். ஆவுடைத்தாய் பக்கம் அவன் பார்க்கவில்லை.

(இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவன் கையில் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. அது மலிவு. இன்னொன்றில் கீழே பாறையைத் தவிர எதுவுமில்லை. அப்படியானால் புனலூர் பஸ் உண்மையாகிவிடும், அது அவளுக்கு இதைவிடக் கொடுமை. மூன்றாவதில் அவன் அத்தனை ஆழம் போகவேயில்லை. அது கோழைத்தனம், அவனுடையதல்ல, என்னுடையது.)

உண்மையில் டைட்டஸ் கீழே என்ன பார்த்தான், அல்லது பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பிறகு உவரிக்குப் போனபோது படகு நிழலில் உட்கார்ந்து எனக்குச் சொன்னான். "சாரு, இத எழுதிரப்படாது. அந்த அக்கா இன்னும் கேக்கல" என்றான்.

சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். மூன்றாவது கல்லில் டெல்பின் ஒட்டுயிரைக் கண்டாள். சொறி புதியதல்ல. எங்கோ சீனத்து ஆற்றில் தொடங்கி, செடிகொடியோடு உலகமெல்லாம் போய்ச் சேர்ந்த ஒன்றுதான். அவள் அப்படியே எழுதினாள், பெயர் சூட்டும் ஆசையை விட்டுவிட்டு, இந்தப் பள்ளத்தில் பார்த்ததை மட்டும் பதிந்து. அந்தக் கட்டுரையின் தமிழ் வடிவத்தில் குடை என்றுதான் இருக்கிறது. சொறிக்கு இடம் உறுதியாகிவிட்டது. இரண்டு வாரத்தில் குவாரியில் ஒன்றுகூட இல்லை.

ஆவுடைத்தாயைப் பற்றி நான் எழுதிய கடைசிப் பத்தியை அடித்துவிட்டேன். அவள் கேட்பாளா, மாட்டாளா என்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். என்னால் தர முடிவது அன்று கரையில் நடந்தது மட்டும்தான். டெல்பின் சொல்ல எழுதுகிறேன்.

டைட்டஸ் நடுங்கிக்கொண்டு கரையேறினான். ஆவுடைத்தாய் அவனுக்குத் துண்டு கொடுத்தாள். அவன் தலை துவட்டி முடிக்கும்வரை காத்திருந்தாள். டெல்பின் கையில் கல்லோடு நின்றாள்.

"தம்பி" என்றாள் ஆவுடைத்தாய்.

"சொல்லுங்கக்கா."

"கீழ ரொம்பக் குளிருமோ?"

அவன் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"கொஞ்ச தூரந்தான் குளிருங்கக்கா. அதுக்குக் கீழ போயிட்டா குளிரு தெரியாது."

"தெரியாதுலா?"

"தெரியாதுக்கா."

"சரி" என்றாள். "வா, சூடா சாப்பிடு."