பூப்பாத்தியில் கறை

விடியும் முன்பே மலைச்சரிவில் ஏறிவிட்டார்கள். கொழுந்து வெட்டும் மெஷினின் ஒரு பிடி யோகேஸ்வரியிடம், மறுபிடி அம்புரோஸிடம். பெட்ரோல் புகை, மூடுபனி, தோளை உலுக்கும் அதிர்வு. ஈரச் செடி இடுப்புவரை நனைத்தது. முப்பத்தொரு வருஷமாக இந்த மலையை மொட்டையடிக்கிறவள் யோகேஸ்வரி. பதிலுக்கு மலை அவள் முழங்காலைத் தின்றுவிட்டது.

எட்டு மணிக்கு எல்லோரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசையின் ஏழு வீட்டையும் காலி செய்ய நோட்டீஸ் வந்திருந்தது. இன்னும் ஒன்பது நாள். அந்த இடத்தில் பூந்தோட்டம் போட்டு டூரிஸ்டுக்குக் காட்டப் போகிறார்களாம்.

மேனேஜர் ஹரிதாஸ் சுவரில் பெரிய படமொன்றை மாட்டியிருந்தார். மேடு முழுக்கப் பாத்தி பாத்தியாகச் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூ.

"தொண்ணூறு வருஷத்துக்கு முந்தின படம். கலர் வந்த புதுசுல வெள்ளைக்காரத் தொரை எடுத்தது. உங்க லயம் இருக்கிற அதே மேடு. வீடும் இல்ல, ஆளும் இல்ல, வெறும் பூவு. அப்ப இருந்ததைத்தான் திரும்பக் கொண்டாறோம்."

படம் அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்து தொலைத்தது.

யோகேஸ்வரி கிட்டே போய்ப் பார்த்தாள். மேல்பாதியில் பூ நிறைந்திருந்தது. கீழ்ப்பாதியில் வெறும் தண்டு. நடுவில் வரிசையாகப் பழுப்புத் தீற்றல்கள்.

"இது என்னா தொரை?"

"கறை. பழைய கண்ணாடித் தகட்டுல எடுத்த படம்லா. அந்தக் காலத்துல அஞ்சாறு செகண்ட் அசையாம நின்னாத்தான் படத்துல விழும்."

"அசைஞ்சா?"

"கலைஞ்சு போயிடும்."

"அப்ப இது கறை இல்ல, பூ வெட்டுன ஆளுங்க. வெட்டாத பூ மேல, வெட்டுன தண்டு கீழ. கறை வரிசை பிடிச்சுப் பூ வெட்டுமா? படம் எடுக்கிறப்பகூட கங்காணி நிக்க விடல போல."

யாரோ சிரித்தார்கள். ஹரிதாஸ் படத்தை உற்றுப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது.

"சரி, ஆளுங்கன்னே வச்சுக்குவோம். நில ஆபீசுல படம் பேசாது, பேப்பர்தான் பேசும். பேப்பர் கம்பெனி பேர்ல இருக்கு."

உண்மை அதுதான்.

ஹரிதாஸ் குரலை இறக்கினார். "யோகேஸ்வரி, கம்போங் ராஜா டவுன்ல, பிளாட்டுல கீழ்மாடி வீடு ஒண்ணு இருக்கு. உன் புருஷன் சிங்காரத்தாலதான் படி ஏற முடியாதே. காலி பண்ணச் சம்மதம்னு மொதக் கையெழுத்து நீ போடு, வீடு உனக்கு."

பக்கவாதத்தில் கிடக்கும் புருஷனை நினைத்தாள். ஆசை வந்தது. வராமலிருக்க அவள் என்ன கல்லா?

"மத்த ஆறு வீடு?"

"அது அவங்கவங்க பாடு."

"அப்ப எனக்கும் வேணாம்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அப்ப அந்த வீடு உனக்கு," என்று ஹரிதாஸ் பேனாவை அம்புரோஸிடம் நீட்டினார். நோட்டீஸ் வரப்போகிறது என்று காதில் விழுந்ததுமே, அவன் நேற்றே மூட்டை கட்டிவிட்டவன்.

"அக்கா அழுதுகிட்டு விட்ட வீட்டுல நான் எப்படித் தூங்குறது தொரை?"

மற்ற ஐந்து வீட்டாரும் பேனாவை வாங்கவில்லை.

மறுபடி மலையேறினார்கள். நம்பிக்கை என்று சொல்ல எதுவும் கையில் இல்லை.

"கோர்ட்டுக்குப் போனா ஜெயிப்போமாக்கா?"

"மாட்டோம்னுதான் தோணுது. தோத்தாலும் ஏழு வீடும் சேந்து தோப்போம். ஒத்தையா எவனும் மூட்டையோட லோரி ஏறக்கூடாது."

"நாலாம் நம்பர் வீடு ஏறாதுக்கா," என்றான் அம்புரோஸ்.

"ஆறாம் நம்பரும் ஏறாது," என்றாள் பின்னால் வந்த துளசி. அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் தங்கள் வீட்டு நம்பரைச் சொல்லத் தொடங்கினார்கள்.