நிறுத்திவைத்த வெள்ளிக்கிழமை

மாநாட்டு மண்டபத்தின் கடிகாரத்தை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. அதனால் இன்றும் வெள்ளிக்கிழமைதான்.

இது எங்கள் தொழிலில் வழக்கம். வெள்ளி மாலை ஆறு மணிக்குள் நாடுகள் ஒத்துப்போகாவிட்டால் ஒருவர் ஏணியில் ஏறிக் கடிகாரத்தை நிறுத்துவார். பிறகு ஆறு மணி ஆகாது. பேசிக்கொண்டே இருக்கலாம்.

நாங்கள் பேசுவது ஒப்பந்தத்தின் ஒரே வரியைப் பற்றி. எந்தப் பெண்ணையும் அவள் சம்மதமில்லாமல் கட்டிக்கொடுக்கக் கூடாது. உள்ளே வந்தபோது நான் தூதரகத்தின் கடைநிலைச் செயலாளர். மண்டபத்தை விட்டு நகராமலே தூதர் ஆகிவிட்டேன். தலையும் நரைத்துவிட்டது.

பார்வையாளர் பெஞ்சில் மரகதவல்லி உட்கார்ந்திருக்கிறாள். சாட்சி சொல்ல என் ஊரிலிருந்து நான் அழைத்துவந்த பெண். அவளுக்குச் சனிக்கிழமை கல்யாணம். அவளை யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை வராததால் அவளுக்கு இன்னும் பதினைந்து வயதுதான்.

மாப்பிள்ளை வீட்டார் தாழ்வாரத்தில் வரிசைத் தட்டுகளோடு நிற்கிறார்கள். உறவு பெருகப் பெருகத் தாழ்வாரமும் நீள்கிறது. மாப்பிள்ளைக்குத் தொந்தி விழுந்துவிட்டது. தட்டில் வாழைப்பழம் மட்டும் பச்சையாகவே இருக்கிறது.

“அக்கா, முடிஞ்சிட்டா?” என்று மரகதவல்லி ஆரம்பத்தில் கேட்பாள். சில வருடங்களில் அக்கா அத்தை ஆனது.

“இல்லட்டி. பேசிட்டிருக்கோம்.”

அவள் நிம்மதியாகக் காலை ஆட்டுவாள்.

இன்று கடைசி நாடும் ஒத்துக்கொண்டது.

தலைவர் எந்த நாட்டுக்காரர் என்று எனக்குத் தெரியாது. காதுக்கருவியில் மொழிபெயர்ப்பவர் பாளையங்கோட்டைக்காரர். எல்லா நாடும் எனக்குத் திருநெல்வேலிப் பேச்சில்தான் கேட்கும்.

“சந்தோசம்மா. ஒங்க வரி அப்படியே பாஸாயிட்டு. திங்கக்கெழமலேர்ந்து அமலு.”

“சனிக்கிழமை?”

“சனிக்கெழம லீவுல்லா.”

“அந்தப் பிள்ளைக்குத்தான இவ்வளவும்?”

“ஒலகத்துப் பிள்ளையளுக்கும்மா. ஒத்தப் பிள்ளைக்கு இல்ல.”

“நான் கையெழுத்துப் போடலன்னா?”

“வரி போயிரும். இனி ஒருத்தரும் ஒத்துக்கிட மாட்டாவ.”

ஆத்திரத்தில் மேசையை ஓங்கிக் குத்தினேன். குறிப்பெடுப்பவர் அதைக் கைதட்டல் என்று எழுதிக்கொண்டார்.

ஜன்னலுக்கு வெளியே எல்லா ஊர் பெஞ்சுகளும் தெரிந்தன. எல்லாவற்றிலும் மரகதவல்லிகள். அவர்களுக்கு யாரும் கடிகாரத்தை நிறுத்தவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஏணிக்காரர் ஏறி முள்ளைத் தட்டிவிட்டார். உடனே ஆறு அடித்தது. அடுத்த நொடியே சனிக்கிழமை, முகூர்த்தம். வாழைப்பழமெல்லாம் ஒரே சமயத்தில் பழுத்து மண்டபம் முழுக்க மணத்தது. தாழ்வாரம் சுருங்கி, மாப்பிள்ளை வீட்டாரைப் பெஞ்சு வரைக்கும் கொண்டுவந்து விட்டது.

“பாட்டி, முடிஞ்சிட்டா?”

“முடிஞ்சிட்டு.”

“நாம ஜெயிச்சிட்டமா?”

“ஆமா.”

அவள் சிரித்துக்கொண்டே எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள். யாரோ அவள் கழுத்தில் மாலையைப் போட்டார்கள். அது பாராட்டு மாலை என்று நினைத்துக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

எனக்காக எல்லா நாடுகளும் எழுந்து நின்று கைதட்டின. மாப்பிள்ளையின் மாமா ஒரு விரலை உயர்த்தி ஆட்டினார். நாடுகள் இன்னும் வேகமாகத் தட்டின.

மரகதவல்லி என்னைப் பார்த்து ஏதோ கத்தினாள். என் காதில் விழவில்லை. கெட்டிமேளம் அதற்காகத்தான்.