பாலம் தாண்டும்போது சொல்ல வேண்டியது

பாலம் வந்தபோது வான்-யூ வாயைத் திறக்கவில்லை.

ஆம்புலன்ஸில் அவள் அப்பாவுக்கு மூச்சு கொடுக்கும் பையை உதவியாளன் ஆ-ஷுன் அழுத்திக்கொண்டிருந்தான். மருத்துவமனையில் கையை விரித்துவிட்டார்கள். கடைசி மூச்சு வீட்டில்தான் போக வேண்டும் என்பது தைவானில் இந்தத் தைனான் பக்கத்து வழக்கம். வழியில் பாலம், திருப்பம் எல்லாவற்றையும் பிள்ளைகள் சொல்லிக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் உயிர் வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிடுமாம்.

“அக்கா, பாலம் போயிடுச்சே. சொல்லலையா?”

“அப்பாவுக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்ல.”

கல்லூரியில் தத்துவம் நடத்தியவர். செத்துப்போன அம்மாவின் படத்தோடு அவள் பேசினால்கூட, “கேக்க ஒரு மனசு இருந்தாத்தானே பேச்சு? இல்லேன்னா வெறும் சத்தம்” என்பார். நாளடைவில் அந்த வீட்டில் அவள் சத்தமே போட்டதில்லை.

“நம்பாமலே கேட்டுட்டு வரட்டுமே,” என்றான் ஆ-ஷுன். “அப்பாவுக்குக் கேக்கலேன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமா?”

தெரியாது. ‘இல்லைன்னு நிரூபிக்காத வரைக்கும், இருக்கலாம்ங்கிறதை அழிக்காதே’ என்று வகுப்பில் கத்தியவரும் இதே மனுஷன்தான். அவருக்குக் கேட்கக் கடுகளவு வாய்ப்பு இருந்தாலும், அவரை நடுப்பாலத்தில் தனியாக விட்டுவிட்டு வந்தவள் இவள்தான்.

“வண்டியைத் திருப்புங்க.”

“அக்கா, நாடி ரொம்ப எறங்கிடுச்சு. வீடு வரைக்குமே தாங்குமான்னு...”

“திருப்புங்கன்னா!”

ஓட்டுநர் முணுமுணுத்தபடி அக்கரைக்குப் போய், மறுபடி வீட்டுப் பக்கம் திருப்பினார். அவள் அப்பாவின் காதருகே குனிந்தாள்.

“அப்பா, பாலம் வருது. என்கூடவே வாங்க.”

பாலம் இறங்கியதும் ஆ-ஷுன் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். வெகு நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு அவளைப் பார்த்தான். இருவருக்கும் தெரிந்துவிட்டது. அவன் மறுபடி பையை அழுத்த ஆரம்பித்தான்.

“இடது பக்கம் திரும்புறோம்பா,” என்றாள் அவள். “மார்க்கெட் வந்துடுச்சு. இன்னிக்கு ஒரே கூட்டம். மீன்காரி வண்டியை நடுரோட்டுல போட்டிருக்கா, எப்பவும் போல. இப்போ நம்ம சந்து.”

அப்பாவிடம் இவ்வளவு பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, பேச்சு மட்டும் நிற்கவில்லை.

“உள்ளே யாருக்காவது சொல்லணுமா அக்கா?”

“யாரும் இல்ல.”

வண்டி நின்றதும் இறங்கிப் போய் வீட்டுக் கதவைத் திறந்தாள். இருட்டாக இருந்த கூடத்தைப் பார்த்து, “வந்துட்டோம்,” என்று உரக்கச் சொன்னாள். அவர் முதலில் நுழையட்டும் என்று ஒதுங்கி நின்றாள்.