அசல் இல்லாத சாவி

இந்தக் காலத்து மனுஷர்களுக்கு அசல் என்பதே வேண்டாததாகிவிட்டது. நகலுக்கு நகல் எடுத்த சாவியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, ரெண்டு நிமிஷத்தில் வெட்டிக் கொடு என்கிறார்கள். பூட்டுக்காரர் முகத்திலடித்தாற்போல் திருப்பி அனுப்பிவிடுவார். பல் தேய்ந்த நகலைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்துதான் வரும். அசல் சாவி கைக்கு வராமல் அவர் அரத்தைத் தொட்டதே இல்லை.

அப்படிப்பட்டவரை மகள் இழுத்துவந்து ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில் உட்காரவைத்திருந்தாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பெருங்குடலில் புற்றுநோய் வந்து, வெட்டியெடுத்து நாலு மாதமாகிறது. பரம்பரைக் கோளாறு என்று அவள் ரத்தம் சொல்லிவிட்டது. தாய் போய்ச் சேர்ந்து பத்து வருஷம், மிச்சமிருப்பது தகப்பன். கோளாறு யார் வழி வந்தது என்று பார்க்கப் போன மாதம் அவர் ரத்தத்தையும் எடுத்தார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெளியில் மட்டும், ரத்தத்தை உறிஞ்சிப் பிழைக்கிற கூட்டம் என்று திட்டிக்கொண்டிருந்தார்.

முடிவைச் சொல்ல இருந்த மரபணு ஆலோசகர் மகளைவிடச் சின்னவள். அவர் தொழிலைக் கேட்டுக்கொண்டு அந்த வழியிலேயே விளக்கினாள். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ என்று ஒரே சாவிக்கொத்து. கண்ணிலும் அதுதான், குடலிலும் அதுதான். கண் தனக்கு வேண்டிய சாவிகளை மட்டும் திருப்பும். மற்றவை சும்மா தொங்கும். செல் இரண்டாகும்போதெல்லாம் கொத்து முழுக்க நகலாகும். எங்காவது ஒரு பல் பிசகும். பிசகைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய உள்ளேயே ஒரு மேஸ்திரி உண்டு. அந்த மேஸ்திரியை உண்டாக்கும் மரபணுவிலேதான் மகளுக்கு ஒரே ஒரு பல் மாறிக் கிடக்கிறது.

"அசலைப் பாத்து வெட்டுனா எப்படிம்மா பிசகும்? அசல் எங்க இருக்கு?"

"அசல்னு ஒண்ணு கிடையாதுங்கய்யா. உங்களுக்கு வந்ததே நகல். உங்கப்பாவுக்கு வந்ததும் நகல்தான்."

பூட்டுக்காரர் மனசுக்குள் தலைமுறைகளை எண்ணிப் பார்த்தார். அசலே இல்லாமல் இத்தனை தலைமுறையா? யாருடைய தேய்மானம் எவர் தலையில் விடிந்ததோ.

"அதே மாற்றம் உங்க ரத்தத்துலயும் இருக்கு" என்றாள் அவள்.

பூட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. எழுபத்தொரு வயசாகிறது, ஒரு காய்ச்சல் தலைவலி உண்டா என்று வாதாடினார். மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை, ஆனால் வரலாம், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிடுவது நல்லது என்றாள். மகள் வயிற்றுப் பேத்திக்கு இது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வளர்ந்தபின் அவளையும் பார்க்க வேண்டும்.

மகள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மேசையைப் பார்த்தே கேட்டார்.

"நான்தான் குடுத்தேனா?"

"வேணும்னேவா குடுத்தீங்க? இந்தச் சப்ப மூக்கையும்தான் குடுத்தீங்க, நான் சண்டைக்கா வந்தேன்?" என்றாள் மகள். குழாய்ப் பரிசோதனைக்கான சம்மதத் தாளை அவர் பக்கம் தள்ளினாள். "கையெழுத்துப் போடுங்கப்பா. எனக்குக் கண்டுபிடிக்க லேட்டாயிடுச்சு. உங்களுக்கு ஆகவேண்டாம்."

அவர் பேனாவைத் தொடவில்லை.

"ரத்தச் சீசாவ மாத்திப் போட்டிருப்பாங்க" என்று எழுந்தார். "நான் ஒருநாளும் தப்பா வெட்டிக் குடுத்தவன் இல்ல."

மகள் கூப்பிடக் கூப்பிட நடந்தார். லிப்டுக்குக் காத்து நின்றால் அவள் வந்து பிடித்துவிடுவாள். கைப்பிடியை இறுக்கிக்கொண்டு படியிறங்கினார். சீசா மாறித்தான் போயிருக்கும், வேறெப்படி என்று ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கொண்டே போனார்.