ஏழு தகப்பன்மார்

"உன்னைப் பத்திச் சொல்லு பாக்கலாம்" என்றுதான் அந்தப் பெண் கேட்டாள். என் மகள் ஜிபெக் முதுகை நிமிர்த்திக்கொண்டு, தன் அப்பாவில் தொடங்கி ஏழு தலைமுறைத் தகப்பன்மாரின் பெயர்களை மூச்சுவிடாமல் சொன்னாள். மக்சத், இமானாலி, ஒமுர்பெக், சாதிபால்தி, கோஜோமுராத், போருபாய், தெலிபாய். குளிர்காலம் முழுக்கத் தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி நான் சொல்லிக்கொடுத்தது. நீ யார் என்று கேட்டால் நாங்கள் வேறு என்னத்தைச் சொல்வது?

கேட்டவள் முதல் வகுப்புச் சேர்க்கைத் தேர்வை நடத்தும் பள்ளியின் மனநல ஆலோசகர், சின்ன வயசுக்காரி. "அது இருக்கட்டும் கண்ணு. லீவுக்கு எங்க போவீங்க, அதச் சொல்லு" என்றாள் ரஷ்ய மொழியில்.

"அம்மாகூட பட்டறைக்குப் போவேன். சட்டையில தொங்குற நூலை வெட்டுவேன்" என்றாள் ஜிபெக், எங்கள் கிர்கிஸ் மொழியில். பிறகு ஒரு படத்தைக் காட்டினார்கள். பியானோவாம். மூடி போட்ட தையல் மிஷின் என்றாள் என் மகள். ஆலோசகர் ஏதோ எழுதிக்கொண்டாள்.

தலைநகர் பிஷ்கெக்கில் இந்தப் பள்ளிக்கு நல்ல பெயர். இந்தத் தேர்வை வைத்துத்தான் முதல் வகுப்பை நான்கு பிரிவாகப் பிரிப்பார்கள். முதல் பிரிவில் இடம் கிடைத்தால் பல்கலைக்கழகம் வரைக்கும் வழி திறந்திருக்கும். நான்காம் பிரிவுப் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு கைகழுவிவிடுவார்கள். அப்புறம் என்னைப் போலத் தையல் பட்டறை, இல்லாவிட்டால் அவள் அப்பாவைப் போல மாஸ்கோ தெருவில் பனி அள்ளும் வேலை. கிராமத்திலிருந்து பிழைக்க வந்து நகரத்து ஓரத்தில் புதுக் குடியிருப்பில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் எங்கே போய் விழுவார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும். ஜிபெக் அங்கே விழக்கூடாது என்பது ஒன்றுதான் என் ஆசை.

அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த துணைத் தலைமையாசிரியர் எசென்பெக் எழுந்து வந்தார். "கோஜோமுராத்துன்னா சொன்னே? எங்க, திருப்பிச் சொல்லு தாயி." ஜிபெக் திருப்பிச் சொன்னாள். அவர் கண் கலங்கிவிட்டது. "நானும் அந்த வழிதான். அப்போ நீ எனக்கு மக முறை ஆகுது." அவள் நெற்றியில் முத்தமிட்டார், எனக்குத் தேநீர் வரவழைத்தார், ரொட்டியைத் தன் கையாலேயே பிட்டுக் கொடுத்தார். "இவ்வளவு நாள் எங்க ஒளிஞ்சிட்டிருந்தே தங்கச்சி?"

அன்று மாலை மாஸ்கோவுக்குப் போன் போட்டேன். "நம்ம ஆளு உள்ள இருக்காரா? அப்புறம் என்ன, போர்த்திட்டுத் தூங்கு" என்றார் என் வீட்டுக்காரர். தூங்கினேன். அந்த முட்டாள்தனத்தை என்னவென்று சொல்ல.

பிரிவுப் பட்டியலைச் சுவரில் ஒட்டியபோது ஜிபெக் நான்காவதில் இருந்தாள். எசென்பெக்கின் அறைக்கு ஓடினேன். அவர் எழுந்து நின்று வரவேற்றார், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று ஒவ்வொருவராக விசாரித்தார்.

"அண்ணே, பிள்ளையோட பிரிவு..." என்று இழுத்தேன்.

"தேர்வு எல்லாருக்கும் ஒண்ணுதான் தங்கச்சி. நம்ம ஆளுன்னு நான் தூக்கி வச்சா நாலு பேரு காறித் துப்ப மாட்டாங்களா?"

"முதல் பிரிவுல சேர்ந்ததுங்களுக்கு அந்தக் கேள்வியெல்லாம் முன்னாடியே தெரியுமாமே அண்ணே. உங்க ஆலோசகரம்மாதான் சனிக்கிழமை சனிக்கிழமை பயிற்சி நடத்துறாங்களாம்."

"அது யாரு வேணா சேரலாம். யாரும் கதவைச் சாத்தல. நீ ஏன் சேர்க்கல?"

சனிக்கிழமை பட்டறையில் சந்தைக்குச் சரக்கு ஏற்றுகிற நாள். அதைவிட, அப்படி ஒரு வகுப்பு இருக்கிறது என்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. வேற்று ஆளாக இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அண்ணன் என்று கூப்பிட்டு, அவர் பிட்டுத் தந்த ரொட்டியைத் தின்ற வாயால் எப்படிக் கேட்பது? குடித்துவிட்டு நன்றி சொன்னேன். நன்றியாம்.

"ஒண்ணு செய்வோம்" என்றார் அவர். "பள்ளி திறக்கிற அன்னிக்கு ஜிபெக் மேடையில ஏழு தகப்பன் பேரைச் சொல்லட்டும். இந்தக் காலத்துல எந்தப் பிள்ளைக்குத் தெரியுது? பள்ளிக்கே பெருமை."

ராத்திரியில் கண்விழித்து அவளுக்கு வெல்வெட் மேலங்கி தைத்தேன். செப்டம்பர் முதல் நாள், மைதானம் நிறையப் பூங்கொத்தும் கேமராவுமாக இருந்தது. ஜிபெக் ஒரு பெயரையும் விடவில்லை. முதல் பிரிவுத் தாய்மார்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். எசென்பெக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன்.

மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாகக் கிளம்பினார்கள். முதல் பிரிவு பெரிய கட்டடத்தின் படிகளில் ஏறியது. நான்காம் பிரிவு கொதிகலன் அறைக்குப் பின்னாலிருந்த பழைய கட்டடத்துக்குத் திரும்பியது. மேடையிலிருந்து இறங்கிய ஜிபெக், இந்த முறை சரியாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ, நேராகப் போய் முதல் பிரிவு வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள். என்னைத் தேடிப் பிடித்துச் சிரித்தாள்.

ஓர் ஆசிரியை வந்து அவள் தோளைப் பிடித்து, அதட்டாமல், மெதுவாகத்தான், மறுபக்கம் திருப்பி விட்டாள். என் கை அப்போதும் தட்டிக்கொண்டிருந்தது.