பதினெட்டு மூட்டை மாவும் ஒரு காரணமும்

யூதருக்கும் அரபுகளுக்கும் சண்டை ஏன் வந்தது என்று ஹைஃபாவில் யார் கேட்டாலும் ஃபைவல் ரோட்மனிடம் பதில் தயாராக இருக்கும். ரொட்டிக்கடைக்காரர். பக்கத்துக் கடைத் தையல்காரர் ஷுக்ரியோடு இருபது வருஷமாகப் பகடை உருட்டிய மனுஷர். ஆட்டத்தில் தோற்றவர்தான் சரித்திரத்தை இழுப்பார். கப்பல் கப்பலாக வந்து இறங்கி, உழுதுகொண்டிருந்தவன் காலடி நிலத்தையே வாங்கினீர்களே என்பார் ஷுக்ரி. ஐரோப்பாவில் எங்களைக் கொன்று குவித்தார்களே, வேறெங்கே போவது என்பார் ஃபைவல். கடைசியில் எல்லாம் வெள்ளைக்காரன் செய்த வேலை என்று ஒத்துப்போய்க் காப்பி குடிப்பார்கள். இவர்களுக்குள் அவ்வளவு ஒற்றுமை. ஊர்தான் பற்றி எரிந்தது.

யூதர்களின் பாஸ்கா பண்டிகை வந்தால் ஷுக்ரி இல்லாமல் ஃபைவலுக்கு ஆகாது. அந்த ஏழு நாளும் ரொட்டியோ மாவோ யூதனுக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. அதற்காகக் கடலிலா கொட்ட முடியும்? பண்டிகைக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்குள், யூத குருவான ரப்பி எழுதிய பத்திரத்தில் மொத்தத்தையும் ஷுக்ரிக்கு விற்றுவிடுவார். பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார். மாவு இருந்த இடத்தைவிட்டு அசையாது. விற்காமல் வைத்திருந்தாலோ, அந்த மாவில் சுட்ட ரொட்டியை அப்புறமும் எந்த யூதனும் தொட மாட்டான்.

நாற்பத்தெட்டு ஏப்ரலில், பாஸ்காவுக்குச் சற்று முன் நடந்த இரண்டு நாள் சண்டையில் அரபுகள் தோற்றார்கள். குடும்பம் குடும்பமாகத் துறைமுகத்துக்கு ஓடினார்கள். ஃபைவலும் ஓடினார், ஷுக்ரி கப்பலேறுமுன் பிடிக்க. கிடங்கில் பதினெட்டு மூட்டை. அந்தச் சண்டைக்காலப் பஞ்சத்தில் அவருடைய பிழைப்பே அதுதான்.

ஷுக்ரி துறைமுக வாசலில் தையல் மிஷினை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். போகாதே என்று சொல்லத்தான் வாயெடுத்தார் ஃபைவல். மணி ஒன்பதரை. பத்திரத்தை நீட்டினார்.

"ஊரே என் கையைவிட்டுப் போகுது. உன் மாவு மட்டும் எனக்கா?" என்று சிரித்தார் ஷுக்ரி. கையெழுத்தும் போட்டார். பேனாவைத் திருப்பித் தராமல் நின்றார்.

"வேற ஏதாச்சும் சொல்லணுமாய்யா?"

"மணியாச்சு. ரப்பி காத்துக்கிட்டிருப்பார்."

பண்டிகை முடிந்தது. விற்றவர் இருக்கிறார், வாங்கினவர் லெபனானில் எங்கோ. ரப்பி கறாரான ஆள். மாவு ஷுக்ரியுடையது, தொடாதே என்றுவிட்டார். அடுப்பு அணைந்தே கிடந்தது.

சில மாதம் கழித்து, போனவர்கள் விட்ட சொத்தைக் குறித்துக்கொள்ளப் புது யூத சர்க்காரின் அதிகாரி ஒருவன் வந்தான். பத்திரத்தைப் பார்த்துவிட்டு, விற்றது நிஜமா நாடகமா என்று கேட்டான். நாடகம் என்றால் ரொட்டி போணியாகாது. நிஜம் என்றால் அது அரபுக்காரனின் சொத்து, சர்க்கார் எடுத்துக்கொள்ளும். நன்றாக மாட்டிக்கொண்டார். இருபது வருஷப் பண்டிகையையும் பொய்யாக்க ஃபைவலுக்கு மனசு வரவில்லை. நிஜம்தான் என்றார். மூட்டைகள் லாரி ஏறின.

"ஆளு ஏன் போனான்? காரணம் எழுதணும்," என்றான் அதிகாரி.

கப்பல், நிலம், வெள்ளைக்காரன் எல்லாம் ஃபைவலின் நாக்கு வரை வந்து திரும்பிப் போயின.

"அவனை இருக்கச் சொல்லிக் கேட்டீங்களா?"

"நேரமில்லே," என்றார். "மாவு இருந்துச்சு."

அதிகாரி 'தானாகவே போய்விட்டார்' என்று எழுதித் தாளைத் திருப்பி வைத்தான். சாட்சி என்ற இடத்தில் ஃபைவல் கையெழுத்துப் போட்டார்.